பந்தை ஓட விடுங்கள்

போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை. என்னிடம் பயிற்சிக்கு வரும் ஆடிட்டர் ஒருவருடன் சென்னையில் பதினெட்டுக் குழிகளையும் சுற்றிக்கொண்டிருந்தேன். அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. கடைசிக் குழி நான்கு அடிகளில் முடிக்க வேண்டியது. முதல் அடியை 230 கெஜம் நேராக அனுப்பினார். அந்த வயதுக்கு அது நல்ல அடி. இரண்டாவது அடி கிரீனுக்குச் சற்று முன்னால், இடப்பக்கமாக வந்து நின்றது. பந்திலிருந்து குழிக்கு இருபது தப்படி. நடுவில் பள்ளமோ, தண்ணீரோ, மணல் பங்கரோ எதுவும் கிடையாது. மழையைப் பார்த்து மூன்று மாதமான தரை மட்டும், புல் தேய்ந்து சிமென்டுத் தளம் மாதிரி கிடந்தது.

பையிலிருந்து 60 டிகிரி வெட்ஜை உருவினார். ஆட்டத்தின் நடுவில் பாடம் நடத்துவதில்லை என்பது என் வழக்கம், அதனால் பேசாமல் நின்றேன். பை தூக்கி வந்தவர்தான் மெதுவாகச் சொன்னார்: "சார், எட்டாம் நம்பர் எடுங்க. பந்தைத் தூக்காதீங்க, ஓட விடுங்க." ஆடிட்டர் சிரித்துத் தலையாட்டிவிட்டு வெட்ஜையே ஓங்கினார். மட்டையின் விளிம்பு பந்தின் வயிற்றில் பட்டது. பந்து முழங்கால் உயரத்தில் சீறிக்கொண்டு கிரீனைக் குறுக்கே கடந்து, பின்னாலிருந்த பங்கரில் விழுந்தது. மணலில் ஓர் அடி. மணல் பறந்தது, பந்து அங்கேயே கிடந்தது. இன்னோர் அடியில் வெளியே வந்தது. பிறகு பட்டரால் இரண்டு. ஆக மொத்தம் ஏழு.

ஏறக்குறைய 380 கெஜத்தை இரண்டு அடிகளில் கடந்தவர், கடைசி இருபது தப்படிக்கு ஐந்து அடி செலவழித்தார். அன்று மாலை கார் ஏறும்போது அவர் என்னிடம் கேட்ட கேள்வி: "புது டிரைவர் ஒண்ணு வந்திருக்காமே, பதினஞ்சு கெஜம் கூடப் போகுமாமே?"

இருபது ஆண்டுகளாக இதே கேள்வியை வேறு வேறு வாய்களில் கேட்டுவருகிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கோல்ஃப் ஆடாதவர்களுக்காக நாலு வரி. கிரீன் என்பது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்வெளி. அதை நெருங்கிய பிறகு ஆடுவதையெல்லாம் சேர்த்து ஷார்ட் கேம் என்கிறோம். பந்தைத் தரையை ஒட்டித் தட்டி ஓட விடுவது சிப். கொஞ்சம் உயர எழுப்பி இறக்குவது பிட்ச். மணலிலிருந்து எடுப்பது பங்கர் அடி. கிரீன் மேல் உருட்டுவது பட், அதற்கான மட்டை பட்டர். முதல் அடிக்கான நீள மட்டை டிரைவர். நம்பர் போட்ட மட்டைகள் அயர்ன். பந்தை உயரத் தூக்கும் சாய்ந்த முக மட்டை வெட்ஜ். குழியின் குறுக்களவு 4.25 அங்குலம், ஓர் ஆப்பக்கரண்டி அகலம். 400 கெஜத்துக்கு அப்பாலிருந்து கிளம்பிய பந்து இதற்குள் விழ வேண்டும்.

அமெரிக்காவின் பிஜிஏ டூரில் ஆடும் தொழில்முறை வீரர்கள்கூட ஒரு சுற்றில் பதினெட்டுக் கிரீன்களில் ஏறத்தாழ பன்னிரண்டைத்தான் உரிய அடிகளுக்குள் எட்டுகிறார்கள். மீதி ஆறில் அவர்களைக் காப்பாற்றுவது சிப்பும் பட்டும்தான். வார இறுதியில் ஆடும் நம் ஆடிட்டர் மூன்று நான்கு கிரீன்களை எட்டினால் பெரிது. அப்படியானால் ஒரு காலையில் பதினாலு தடவையாவது அவர் கிரீனுக்கு வெளியே நின்று யோசிக்கிறார். அந்தப் பதினாலு தடவைக்காக அவர் செய்துவரும் பயிற்சி எவ்வளவு? வாரத்துக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை.

இங்கே ஒரு மறுப்பையும் சொல்லியாக வேண்டும். நான் சொல்லாவிட்டால் என் மாணவர்களில் யாராவது ஒரு மென்பொருள்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, டூரில் பதிவான லட்சக்கணக்கான அடிகளை அலசி, 2014-ல் புத்தகமாகவே எழுதினார். சிறந்த ஆட்டக்காரருக்கும் மற்றவருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு 100 கெஜத்துக்கு வெளியே ஆடும் அடிகளில்தான் இருக்கிறது என்பது அவர் முடிவு. 'பட்டிங்தான் எல்லாம்' என்று காலங்காலமாக ஓதிவந்த எங்களைப் போன்ற பயிற்றுநர்களுக்கு அது நல்ல குட்டு. அந்தக் கணக்கை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பது ஒரு கேள்வி, ஐம்பத்திரண்டு வயதில் மூட்டுவலியோடு இருக்கும் மனிதர் எதைச் சீக்கிரம் சரிசெய்ய முடியும் என்பது இன்னொரு கேள்வி. அவர் இன்னும் இருபது கெஜம் கூட்ட வேண்டுமானால் இடுப்பு திரும்ப வேண்டும், தோள் இளக வேண்டும், ஆறு மாதம் ஜிம்முக்குப் போக வேண்டும். பங்கருக்குள் பந்தைச் சீறவிட்ட அந்த ஓர் அடியைத் திருத்த, மாலையில் இருபது நிமிடம் வீதம் மூன்று வாரம் போதும். ஏழில் ஐந்து அடிகளைத் தின்றது அந்த இடம்தானே.

பெரிய தூரம் அடிப்பவரைச் சின்ன தூரம் ஆடுபவர் மடக்குவது இந்த ஆட்டத்தில் புதிதல்ல. 1938 பிஜிஏ சாம்பியன்ஷிப்பின் இறுதியில் பால் ரன்யன் என்ற ஒல்லி மனிதர், அக்காலத்தில் பந்தை மிகத் தொலைவு அனுப்புபவர்களில் ஒருவரான சாம் ஸ்னீடை எதிர்கொண்டார். ஒவ்வொரு குழியிலும் ஸ்னீடின் பந்து முன்னால் போய்க் கிடக்கும். ரன்யன் பின்னாலிருந்து முதலில் ஆடி, பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிடுவார். ஏழு குழிகள் மீதமிருக்கும்போதே எட்டுக் குழி முன்னணியில் ஆட்டத்தை முடித்துவிட்டார். அவருக்கு வந்த செல்லப்பெயர் 'சின்ன விஷம்'.

நம் நாட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. எஸ்.எஸ்.பி. சௌரசியா. 1829-ல் தொடங்கிய ராயல் கல்கத்தா கோல்ஃப் மன்றத்தில் புல்வெளி பராமரித்தவரின் மகன். தந்தை வெட்டி உருட்டிய கிரீன்களின் ஓரத்தில் ஆடிப் பழகியவர். முதல் அடியில் மற்றவர்களைவிட வெகுவாகப் பின்தங்குவார். கிரீனை நெருங்கினால் ஆளே மாறிவிடுவார். சிப், பட் இரண்டையும் அவர் பெயரோடு ஒட்டிச் 'சிப்புட்சியா' என்றே சக வீரர்கள் கூப்பிட்டார்கள். 2008-ல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ், ஐரோப்பிய டூரில் அவருடைய முதல் வெற்றி. பலமுறை இரண்டாமிடத்தில் நின்று ஏங்கவைத்த இந்தியன் ஓப்பன் பட்டம் 2016-ல் கைக்கு வந்தது. அடுத்த ஆண்டு குருகிராமில், அடிக்கு அடி பொறி வைத்திருக்கும் கடினமான மைதானத்தில், 7 அடிகள் வித்தியாசத்தில் அதைத் தக்கவைத்துக்கொண்டார்.

சௌரசியா மட்டுமில்லை. அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர். 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர், 1993-ல் மறுபடியும் வென்றார். 2009-ல் அதே பட்டத்தை வென்ற சின்னசாமி முனியப்பா பெங்களூருவில் பை தூக்கியவர். (கேடி என்றதும் காவல் நிலையப் பலகையில் படம் ஒட்டப்படுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். கோல்ஃபில் மட்டைப் பையைச் சுமந்து கூடவே வருபவருக்கு அதுதான் பெயர். எங்கள் தொழிலைப் பற்றி உறவினர்களிடம் பேசும்போது இந்தச் சொல்லால் படும் பாடு தனிக்கதை.) ஸ்பெயினில் செவே பாலெஸ்டெரோஸ் கதையும் இதுதான். மைதானத்துக்குள் ஆட அனுமதியில்லாத சிறுவன், கையில் கிடைத்த ஒரே ஒரு 3-ம் நம்பர் அயர்னோடு பெத்ரெஞா கடற்கரை மணலில் ஆடிப் பழகினான். ஒரே மட்டையால் உயரவும் தாழவும் ஓடவும் நிற்கவும் வைக்கப் பழகிய கை அது. பின்னாளில் பிரிட்டிஷ் ஓப்பனை மூன்று தடவை வென்றது.

இவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தது வறுமை என்று கதை கட்ட எனக்கு விருப்பமில்லை. வறுமை யாருக்கும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. இவர்களுக்கு நீண்ட அடி பழக இடம் கிடைக்கவில்லை, கிரீன் ஓரம் கிடைத்தது. அந்தியில் உறுப்பினர்கள் போன பிறகு, கிழிந்த பிடியுள்ள பழைய மட்டையால், பத்து ரூபாய் பந்தயத்துக்குச் சிப் ஆடினால் கை தானாகப் பழகிவிடும். ஆளைவிட இடம்தான் முக்கியம் என்பது என் கட்சி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த இருபது தப்படி.

ஷார்ட் கேமில் கிடைக்கும் நுணுக்கத்துக்கு நம் மொழியில் நல்ல சொல் இருக்கிறது: பதம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும் பாட்டி தெர்மாமீட்டர் வைத்துக்கொள்வதில்லை. கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு, விரலால் உருட்டிப் பார்க்கிறாள். சிப் ஆடுபவனும் முதலில் உருட்டிப் பார்க்க வேண்டும். என்னிடம் வரும் எவருக்கும் முதல் நாள் மட்டையே தருவதில்லை. பந்தைக் கையில் கொடுத்து, தோளுக்குக் கீழிருந்து எறிந்து குழிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்வேன். யாரும் பந்தை வானத்துக்கு எறிவதில்லை. எல்லோரும், பத்து வயதுப் பையன் முதல் நிறுவனத் தலைவர் வரை, தாழ்வாக எறிந்து தரையில் ஓட விடுகிறார்கள். கோலிக்குண்டு ஆடிய கைக்கு அது தெரியும். மட்டையைக் கொடுத்தவுடன்தான் அந்த அறிவு போய்விடுகிறது.

எங்கே விழ வேண்டும் என்பதே முதல் கேள்வி. குழியைப் பார்த்து ஆடுகிறவர் குழிக்கு அப்பால் போவார். கிரீனுக்குள் ஒரு தப்படி தள்ளி ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; நிறம் மாறிய புல், பழைய பந்துத் தழும்பு, எதுவானாலும் சரி. பந்து அங்கே விழுந்தால் போதும், மீதியைத் தரை பார்த்துக்கொள்ளும். அடுத்த கேள்வி எந்த மட்டை. இதற்குப் பழைய வாய்ப்பாடு ஒன்று உண்டு. பந்திலிருந்து விழும் இடம் வரை தப்படி எண்ணுங்கள். விழும் இடத்திலிருந்து குழி வரை எண்ணுங்கள். இரண்டாவது முதலாவதைப் போல எத்தனை மடங்கோ அதைப் பன்னிரண்டிலிருந்து கழித்தால் மட்டையின் நம்பர் வரும். ஆடிட்டரின் கடைசிக் குழியை எடுத்துக்கொள்ளுங்கள். பந்து கிரீன் விளிம்பிலிருந்து மூன்று தப்படி, விழும் இடம் நான்கு, மீதி பதினாறு. நான்கு மடங்கு. பன்னிரண்டில் நான்கு போனால் எட்டு. கேடி சொன்ன எட்டாம் நம்பர். அவருக்கு இந்த வாய்ப்பாட்டை யாரும் சொல்லித்தரவில்லை, நான் கேட்டுப்பார்த்தேன். "அதெல்லாம் தெரியாதுங்க. பார்த்தா தெரியும்" என்றார்.

சமதளத்தில், நடுத்தர வேகக் கிரீனில்தான் இந்தக் கணக்கு நிற்கும். ஏற்றமானால் ஒரு நம்பர் குறைக்க வேண்டும், இறக்கமானால் கூட்ட வேண்டும். ஆடும் முறை சுலபம். கால்களைச் சேர்த்து நில்லுங்கள். உடல் எடை முன்காலில். பந்து நடுவுக்குச் சற்றுப் பின்னால். கைகள் பந்தைவிட ஓரங்குலம் முன்னால். மணிக்கட்டை ஒடிக்காமல் தோளால் ஊஞ்சல் போல் ஆட்டி, புல்லை வருடிக்கொண்டு போக வேண்டும். பெரும்பாலோர் செய்யும் முதல் பிழை: பந்தைத் தாங்களே தூக்கிவிடப் பார்ப்பது. அகப்பையில் சாம்பார் மொள்வது மாதிரி மணிக்கட்டைத் திருப்புவார்கள். தூக்குவதற்குத்தானே மட்டையின் முகத்தைச் சாய்த்துச் செய்திருக்கிறார்கள்? அதன் வேலையில் குறுக்கிடாதீர்கள்.

இன்னொரு பிழை, ஓங்கும்போது இருக்கும் வீரம் அடிக்கும்போது இருப்பதில்லை. மட்டை பெரிதாகப் பின்னால் போகும். பந்தை நெருங்கும்போது, ஐயோ தூரமாகப் போய்விடுமே என்று கை பின்வாங்கும். மட்டை தரையில் செருகிக்கொள்ளும். குறைவாக ஓங்கி, நிற்காமல் முடியுங்கள். இதை நான் எழுதுவது சுலபம். 2015-ல் ஃபீனிக்ஸ் போட்டியில் டைகர் உட்ஸே இருபது தப்படியிலிருந்து மண்ணைக் கொத்தினார், இரண்டாம் நாள் 82 அடிகள் ஆடினார். பயம் கைக்குள் புகுந்துவிட்டால் பதினான்கு பெரிய பட்டங்கள்கூட உதவுவதில்லை. அப்போது அவருக்கும் பலர் சொன்ன யோசனை, வெட்ஜை வைத்துவிட்டுப் பந்தை ஓட விடுங்கள் என்பதுதான்.

அந்த 60 டிகிரி வெட்ஜ் மீது எனக்குள்ள கோபத்துக்குக் காரணம் நம் தரை. வெட்ஜின் அடிப்பாகம் கட்டுமரத்தின் அடிபோல் உப்பியிருக்கும். அதன் பெயர் பவுன்ஸ். மணலில் புதையாமல் வழுக்கிக்கொண்டு போவதற்காகவே அந்த உப்பல். அமெரிக்க வீரர் ஜீன் சாரஸன் 1930-களின் தொடக்கத்தில் பழைய நிப்லிக் மட்டையின் அடியில் ஈயத்தை உருக்கி ஒட்டி ஒட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தது. விமானம் எழும்போது வால் இறங்குவதைப் பார்த்து யோசனை வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அந்த மட்டையோடு 1932-ல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். மணலுக்கு அது வரம். பங்கரில் நிற்கும்போது முகத்தை நன்றாகத் திறந்து, பந்துக்கு இரண்டங்குலம் பின்னால் மணலில் அடித்தால் மணலே பந்தைச் சுமந்துகொண்டு வெளியே வரும். ஆனால் பங்குனி வெயிலில் காய்ந்த கட்டாந்தரையில் அதே உப்பல் 'டங்' என்று எகிறும். விளிம்பு மேலெழும்பிப் பந்தின் வயிற்றில் பாயும். ஆடிட்டருக்கு நடந்தது அதுதான். தொலைக்காட்சியில் அமெரிக்க வீரர் அடிப்பது மெத்தை மாதிரிப் புல்லில் உட்கார்ந்திருக்கும் பந்தை.

நம் கிரீன்களின் புல்லும் வேறு. பெர்முடா என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படுவது வேறொன்றுமில்லை, பிள்ளையாருக்கு மாலை கட்டும் அருகம்புல்தான். மைதானங்களில் இருப்பது அதன் ஒட்டுவகை. அருகம்புல் எப்படிப் படரும் என்று தோட்டம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். ஒரு திசை பிடித்து ஓடும். அந்தத் திசையோடு உருண்டால் பந்து வழுக்கிக்கொண்டு போகும், எதிர்த்து உருண்டால் மூச்சு வாங்கும். குழிக்குப் பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். புல் பளபளத்தால் உங்களிடமிருந்து விலகிப் படுத்திருக்கிறது. கறுத்துத் தெரிந்தால் உங்களை நோக்கி நிற்கிறது. கிரீன் ஓரத்தில் எதிர்ப்புல்லில் பந்து கிடந்தால் வெட்ஜின் கூர்விளிம்பு செருகிக்கொள்ளும். அந்த இடத்தில் பட்டரையே எடுத்து உருட்டிவிடுவேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. மதிப்பெண் அட்டையில் எந்த மட்டையால் ஆடினாய் என்று எழுத இடமே கிடையாது.

ஐப்பசி, கார்த்திகையில் நான் சொன்னதில் பாதியை மறந்துவிட வேண்டும். மழை நாளில் கிரீன் முன்பகுதி சேறு. அங்கே விழும் பந்து ஓடாது, குந்திவிடும். அப்போது உயர அனுப்பத்தான் வேண்டும், வெட்ஜ் தன் வேலையைச் செய்யும். நனைந்து இறுகிய பங்கரில் உப்பலான மட்டை எகிறும். பிட்ச்சிங் வெட்ஜ் போன்ற கூர்மையானதை எடுப்பேன். ஊட்டி, கொடைக்கானலில் காலைப் பனி ஈரத்தில் ஒரு வேகம், பத்து மணிக்கு மேல் வேறு வேகம். ஆண்டு முழுக்க ஒரே மட்டையால் ஒரே மாதிரி ஆடுவேன் என்கிறவர் தரையைப் பார்ப்பதே இல்லை என்று அர்த்தம்.

பட்டிங் பற்றி ஒரே ஒரு விஷயம். டூர் வீரர்கள் மூன்றடித் தூரத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் போட்டுவிடுகிறார்கள். எட்டடியில் பாதியைத்தான் போடுகிறார்கள். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் ஐந்தடிதான் இருக்கிறது. உங்கள் சிப் குழிக்கு எட்டடியில் நிற்கிறதா மூன்றடியில் நிற்கிறதா என்பதில் அடுத்த அடியின் தலையெழுத்து முடிந்துவிடுகிறது. தவறவிட்ட பட்டுக்காகப் பட்டரை மாற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் மாற்ற வேண்டியது அதற்கு முந்தைய அடியை.

2021 ஆகஸ்ட் 7 நினைவிருக்கும். மாலையில் ஒலிம்பிக்கில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வென்ற நாள். அன்று காலை, கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாத வீடுகளிலும் ஒரு பெங்களூருப் பெண் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதிதி அசோக். கூட ஆடிய நெல்லி கோர்டாவும் லிடியா கோவும் பந்தை அவரைவிட வெகுதூரம் அனுப்பினார்கள். ஒலிம்பிக்குக்கு முன் வந்த கோவிட் அவருடைய கொஞ்சத் தூரத்தையும் குறைத்திருந்தது. ஒவ்வொரு குழியிலும் முதலில் ஆட வேண்டியவர் அவரே, நீளமான மட்டையோடு. பிறகு கிரீன் ஓரத்திலிருந்து ஒட்டவைத்து, பட்டைப் போட்டு, அடுத்த குழிக்கு நடந்தார். நான்கு நாளும் அப்படியே. ஒரே ஓர் அடியில் பதக்கம் போனது, நான்காவது இடம். அந்த வாரம் என்னிடம் புதிதாக ஏழெட்டுப் பெற்றோர் பெண் குழந்தைகளைக் கூட்டிவந்தார்கள். "எங்க பொண்ணு எவ்வளவு தூரம் அடிப்பா சார்?" என்றுதான் அவர்களும் கேட்டார்கள்.

குறை ஆட்டக்காரர்களிடம் மட்டுமில்லை. பழக இடம் எங்கே இருக்கிறது? நம் மன்றங்களில் டிரைவிங் ரேஞ்சுக்குப் பல ஏக்கர் உண்டு, கூடை கூடையாகப் பந்து உண்டு. அங்கே விரித்திருக்கும் செயற்கைப் பாய் ஒரு பெரிய பொய்யன். மட்டை பந்துக்கு ஓரங்குலம் பின்னால் விழுந்தாலும் பாயில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அழகாக அனுப்பிவிடும். நல்லா அடித்தோம் என்று ஆள் பூரித்துப்போவார். ஞாயிற்றுக்கிழமை உண்மையான தரையில் அதே அடி மண்ணைக் கொத்தும்போது மைதானத்தைத் திட்டுவார். பாயில் சிப் பழகுவது, தரையில் நீச்சல் பழகுவது மாதிரி.

பயிற்சிக் கிரீன் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதன் ஓரத்தில் ஒரு பலகையும் இருக்கும்: 'இங்கே சிப்பிங் செய்யக் கூடாது'. புல் பெயர்ந்துவிடுமாம். பராமரிப்பவரின் கஷ்டம் எனக்குப் புரியாமலில்லை. ஒரு சிப் பயிற்சிக் கிரீனுக்கும் அதைச் சுற்றிய புல்வெளிக்கும் எவ்வளவு இடம் வேண்டும்? நான்கு கிரவுண்டு போதும். அதில் ஒரு பங்கரும் அடங்கும். டிரைவிங் ரேஞ்சின் ஒரு மூலையை வளைத்தாலே கிடைத்துவிடும்.

நான்கு கிரவுண்டு என்றால் மாநகராட்சிப் பூங்காவில்கூட முடியும் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867 முதல் ஒரு பட்டிங் மைதானம் இருக்கிறது. தோளுக்கு மேல் மட்டையை ஓங்குவது பெண்களுக்கு அழகல்ல என்று நினைத்த காலத்தில் பெண்களுக்காகத் தொடங்கியது. மேடும் பள்ளமுமாக இருப்பதால் அதற்கு 'இமயமலை' என்று பெயர். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சில பவுண்டு கொடுத்து, பட்டரை இரவல் வாங்கி ஆடலாம். ஐஸ்கிரீமோடு குழந்தைகள், கைத்தடியோடு தாத்தாக்கள். பக்கத்திலேயே உலகப் புகழ்பெற்ற பழைய மைதானம், ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஊர்க்காரர்கள் நாயோடு உலாவத் திறந்துவிடப்படுகிறது. நம் ஊரில் சென்னை நந்தனத்தில் நகர நடுவே மைதானம் இருந்தும், பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது சுவருக்கு அப்பால் தெரியும் பச்சை. கோல்ஃபுக்கு இவ்வளவு நிலம் எதற்கு என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. முழு மைதானத்தை எல்லோருக்கும் திறக்க முடியாது. நான்கு கிரவுண்டைத் திறக்கலாம்.

இதையெல்லாம் சுருக்கி, சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு மன்றத்தின் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். மூன்று கோரிக்கைகள்: ரேஞ்சின் மூலையில் ஒரு சிப்பிங் கிரீன், வாரத்தில் இரண்டு மாலை அதில் கேடிகளுக்கு அனுமதி, மூத்த கேடி ஒருவரை, உரிய சம்பளத்தோடு, ஷார்ட் கேம் ஆசிரியராக வைப்பது. மூன்றாவதைப் படித்ததும் குழுவில் ஒருவர், "அவங்க என்ன சார் சொல்லிக்கொடுப்பாங்க?" என்று கேட்டாராம். அவருடைய ஆட்டம் எனக்குத் தெரியும். பங்கரிலிருந்து பந்தைக் கையால் எடுத்து எறிபவர்.

ஆடிட்டர் இப்போது 60 டிகிரி வெட்ஜை வீட்டில் வைத்துவிட்டு வருகிறார். அந்தக் கேடியை அண்ணே என்று கூப்பிடுகிறார். ஆட்டம் முடிந்ததும் இருவரும் எட்டாம் நம்பரோடு பதினெட்டாவது கிரீன் ஓரத்தில் கால் மணி நேரம் நிற்கிறார்கள், பத்து ரூபாய் பந்தயம். இதுவரை கேடி 340 ரூபாய் முன்னணியில் இருக்கிறார்.

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. போன மாதம் ஒரு வேலையாக அந்த மன்றத்துக்குப் போயிருந்தேன். பலகைக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

(கட்டுரையாளர், கோல்ஃப் பயிற்றுநர்)